30 டாலர் பீட்டும் ‘ஓகே ப்ரோ’ ஒப்பந்தமும்: ஆன்லைனில் இசை விற்றுப் பிழைக்க முடியுமா?

2018-ம் ஆண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த டீன்ஏஜ் இளைஞர் ஒருவர் வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு பீட் தயாரித்து இணையத்தில் விற்பனைக்குப் போட்டார். யங்கியோ என்பது அவருடைய இசைப் பெயர். அமெரிக்காவில் அப்போது யாருக்கும் தெரியாத ஒரு இளைஞர் அதை யூடியூபில் கேட்டார், பிடித்துப்போனது, 30 டாலர் கொடுத்து வாங்கினார். தன் வரிகளை அதன்மேல் பாடிப் பதிவு செய்தார். வாங்கியவர் லில் நாஸ் எக்ஸ். அந்தப் பாட்டு ‘ஓல்டு டவுன் ரோடு’. 2019-ல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் தொடர்ந்து 19 வாரம் முதலிடம். அதற்கு முன் இருந்த சாதனையே 16 வாரம்தான்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த மெனஸ் என்ற தயாரிப்பாளரின் பீட்டை 200 டாலருக்கு இணையத்தில் வாங்கிய டிசைனர் என்ற ராப்பர், ‘பாண்டா’ பாடலோடு 2016-ல் அதே பட்டியலின் முதலிடத்துக்குப் போனார்.

கையில் லேப்டாப்பும் காதில் ஹெட்போனும் இருக்கும் எந்த இளைஞருக்கும் இந்தக் கதைகள் தெரியும். ‘பீட் வித்து லட்சத்துல சம்பாதிக்கலாம்’ என்று ஆன்லைன் கோர்ஸ் விற்பவர்கள் முதலில் சொல்வதும் இதைத்தான். ஆனால், யங்கியோ கதையில் அவர்கள் சொல்லாத இரண்டாவது பாதி ஒன்று இருக்கிறது. பீட் விற்று வாழ நினைப்பவர் படிக்க வேண்டியது அந்தப் பாதியை.

பீட் கடை எப்படி ஓடுகிறது?

பீட் என்பது குரலும் வரிகளும் இல்லாத இசை. டிரம்ஸ், பேஸ், மெலடி எல்லாம் சேர்ந்து இரண்டு, மூன்று நிமிடத்துக்குத் தயாராக இருக்கும். எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், லாஜிக் ப்ரோ போன்ற மென்பொருளில் ஒருவரே உட்கார்ந்து முடித்துவிடலாம்.

அதை யூடியூபில் ‘இன்னார் டைப் பீட்’ என்ற தலைப்பில் ஏற்றுவார்கள். ‘டிரேக் டைப் பீட்’ என்றால் டிரேக் பாடியது என்று பொருள் இல்லை, அவர் பாடும் பாணியில் இருக்கும் என்று பொருள். புதிய ராப்பர்கள் தேடுவதே இந்தப் பெயரை வைத்துத்தான். கேட்டுப் பிடித்தால் கீழே இருக்கும் லிங்க்கைத் தட்டி, பீட்ஸ்டார்ஸ், ஏர்பிட் போன்ற கடைகளுக்குப் போவார்கள். அங்கே விலைப்பட்டியல் இருக்கும்.

விலை ஏன் ஒன்றுக்கு நாலாக இருக்கிறது? அங்கே விற்கப்படுவது பீட் இல்லை, அதைப் பயன்படுத்தும் உரிமம். மலிவானது எம்பி3 லீஸ். அடுத்து, தரமான வேவ் ஃபைல். அதற்கு மேலே, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கிடைக்கும் ஸ்டெம்ஸ். பிறகு, எத்தனை ஸ்ட்ரீம் போனாலும் கேள்வி இல்லாத அன்லிமிடெட். உச்சியில் எக்ஸ்க்ளூசிவ்.

லீஸ் என்பது கல்யாண மண்டபத்தை வாடகைக்கு விடுவது மாதிரி. யார் வந்து விசேஷம் நடத்தினாலும் மண்டபம் உரிமையாளருடையதுதான். ஒரே வித்தியாசம், இங்கே ஒரே முகூர்த்தத்தில் நூறு கல்யாணம் நடத்தலாம். ஒரே பீட்டில் நூறு பேர் நூறு பாட்டு பாடலாம். இத்தனை ஸ்ட்ரீம் வரை, இத்தனை வருடம் வரை என்று வரம்பு இருக்கும். வரம்பு தாண்டினால் மறுபடி வாங்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மதுரையிலோ கோவையிலோ வீட்டு மாடி அறையில் பீட் செய்யும் ஒரு இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வீட்டுச் செலவுக்கு மாதம் 40,000 ரூபாய் வேண்டும். கடைச் சந்தா, இன்டர்நெட், பிளக்-இன், மின்சாரம் எல்லாம் சேர்த்து இன்னொரு 5,000 என்று வைப்போம். மொத்தம் 45,000.

ஒரு லீஸ் விலை 30 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 2,550 ரூபாய். கடையின் பங்கு, பணம் அனுப்பும் நிறுவனத்தின் கட்டணம், டாலரை ரூபாயாக மாற்றும்போது போவது எல்லாம் சேர்த்து 15 சதவீதம் பிடித்தம் என்று எடுத்துக்கொண்டால், கையில் நிற்பது சுமார் 2,167 ரூபாய். அப்படியானால் 45,000-க்கு மாதம் 21 லீஸ் விற்க வேண்டும்.

‘அட, 21 தானே!’ என்று தோன்றும். கேட்பவர்களில் ஆயிரத்தில் ஒருவர் வாங்குவார் என்று வைத்தால், மாதம் 21,000 பேர் அந்த பீட்களைத் தேடி வந்து கேட்க வேண்டும். பார்த்துவிட்டு ஸ்க்ரோல் செய்து போகிறவர்கள் இதில் சேர்த்தி இல்லை. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று தள்ளுபடி போட்டால், ஒரு பீட்டுக்குக் கிடைப்பது பாதியாகிவிடும். மாதம் தவறினாலும் வாடகை தவறாது.

எண்களை அவரவர் நிலைமைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாறாத விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தொழிலில் பாதி நேரம் இசைக்கு, மீதி நேரம் தலைப்பு, தம்ப்நெயில், பதில் மெயில், இன்வாய்ஸ் என்று போகும். ‘தூங்கும்போதும் காசு வரும்’ என்பது உண்மைதான். ஆனால், அப்படி வருவதற்கு முன்னால் பல வருடம் தூக்கம் போயிருக்கும்.

யூடியூப் விளம்பர வருமானம் கைகொடுக்காதா? விளம்பரப் பங்கு கிடைக்கவே 1,000 சப்ஸ்கிரைபர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஸ்பாட்டிஃபையில் பீட்டைப் போட்டால்? 2024 முதல், 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் கூடத் தாண்டாத பாட்டுக்கு அங்கே பதிவு உரிமைக்கான ராயல்டி கிடையாது. இவை கூடுதல் வருமானமாக இருக்கலாம், அடித்தளமாக இருக்க முடியாது.

‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற ஆசை

21 லீஸ் விற்பதைவிட, 300 டாலருக்கு ஒரே ஒரு எக்ஸ்க்ளூசிவ் விற்றுவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஒரே நாளில் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். தப்பு இல்லை. ஆனால், எக்ஸ்க்ளூசிவ் என்ற வார்த்தைக்கு ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு அர்த்தம் இருக்கிறது. ‘இனிமே வேற யாருக்கும் விக்க மாட்டேன்’ என்று விற்பவர் நினைக்கிறார். ‘இந்த இசையே இனி என்னோடது’ என்று வாங்குபவர் நினைக்கிறார். முதலாவது, உரிமம். இரண்டாவது, உரிமையையே எழுதிக் கொடுப்பது. வாடகைக்கு விடுவதற்கும் கிரையம் செய்துகொடுப்பதற்கும் உள்ள தூரம் இதில் இருக்கிறது.

அந்த பீட்டை அதற்கு முன் லீஸ் எடுத்த பத்துப் பேரின் கதி என்ன? அவர்களுடைய உரிமம் அதன் காலம் முடியும்வரை செல்லும் என்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். அதை எக்ஸ்க்ளூசிவ் வாங்குபவரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லாவிட்டால் பிரச்சினை. அவர் பாட்டை வெளியிடும் நாளில் அதே இசையில் இன்னொரு பாட்டு யூடியூபில் கிடக்கும். திட்டு வாங்குவது பீட் செய்தவர்தான்.

சட்டம் யார் பக்கம்?

தமிழில் ஒரு குழப்பம் உண்டு. ‘தயாரிப்பாளர்’ என்றால் நம் மனதில் வருபவர் பணம் போடும் சினிமா முதலாளி. மியூசிக் புரொட்யூசர் என்பவரோ இசையை உருவாக்கும் கைவினைஞர். இந்தியக் காப்புரிமைச் சட்டத்திலும் (1957) இந்த இருவருக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. மெட்டையும் இசைக்கோர்ப்பையும் உருவாக்கியவர் ‘இசைப் படைப்பின்’ ஆசிரியர். ஒலிப்பதிவு என்பது வேறொரு சொத்து. அந்தப் பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர் அதன் ‘தயாரிப்பாளர்’.

ஒரு பாட்டு, இரண்டு சொத்து. 2017-ல் தன் பாடல்களை அனுமதி பெறாமல் மேடையில் பாடக் கூடாது என்று எஸ்.பி.பாலசுப்ரமணியம் தரப்புக்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பியபோது தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. ‘கேசட் வித்தாச்சு, காசு வாங்கியாச்சு, அப்புறம் என்ன?’ என்று கேட்டவர்கள் பலர். கேசட் விற்றது பதிவு என்ற சொத்தைப் பற்றியது. மேடையில் பாடுவது மெட்டு என்ற சொத்தைப் பற்றியது. அவர் செய்தது சரியா தவறா என்பது தனி விவாதம். இந்த இரண்டும் வேறு வேறு என்பதை அன்றைக்கு ஊரே கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து, தன் சொந்தச் செலவில் பீட் செய்பவர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, இரண்டுக்குமே உரிமையாளர். பதிவு செய்தால்தான் காப்புரிமை என்பதும் இல்லை. உருவாக்கிய நிமிடமே உரிமை வந்துவிடுகிறது. ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 வருடமும் மெட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. வயலோ வீடோ இல்லாத ஒரு இளைஞரிடம் இருக்கும் பரம்பரைச் சொத்து என்றே இதைச் சொல்லலாம்.

அதை அவர் எப்படிக் கைமாற்றுகிறார்? வாட்ஸ்அப்பில். ‘ப்ரோ, அந்த பீட் வேணும், மூவாயிரம் போடறேன்.’ ‘ஓகே ப்ரோ.’ ஜிபே சத்தம் கேட்கிறது, டிரைவ் லிங்க் போகிறது, கதை முடிந்தது.

சட்டம் சொல்வது வேறு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். உரிமம் கொடுப்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்தெந்த நாடு, எவ்வளவு பணம் என்பதெல்லாம் தெரிய வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

கடைசி வரியைத் தமிழ்ப் பாடகர்கள் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பாட்டுக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் கனடாவிலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு வார்த்தை விட்டுப்போனால் நஷ்டம் வாங்கியவருக்கும்தான். ஒப்பந்தம் கேட்பது ‘ஓவரா பண்றது’ இல்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. 2012-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, சினிமாவில் சேராத ஒலிப்பதிவாக இருந்தாலும், காப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், மெட்டை உருவாக்கியவருக்கு ராயல்டியில் சம பங்கு கேட்கும் உரிமை இருக்கிறது. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் அந்த ராயல்டியை வசூலிக்கும் அமைப்பு ஐபிஆர்எஸ். 1969-ல் தொடங்கப்பட்டது. பீட் செய்பவரும் இசையமைப்பாளர்தான். வெளியான பாட்டில் தன் பெயரை இசையமைப்பாளராகப் போடச் சொல்வதும், உறுப்பினராகிப் பாட்டைப் பதிவதும் அவர் கையில்தான் இருக்கிறது. பெயர் இல்லாத இடத்துக்குப் பணம் வழி கண்டுபிடித்து வராது.

அந்த இரண்டாவது பாதி

இப்போது யங்கியோவிடம் திரும்புவோம். ‘ஓல்டு டவுன் ரோடு’ பீட்டில் வரும் அந்த பாஞ்ஜோ போன்ற ஓசை அவர் வாசித்தது இல்லை. நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு 2008-ல் வெளியிட்ட ‘கோஸ்ட்ஸ்’ ஆல்பத்திலிருந்து எடுத்த சாம்பிள். பாட்டு சிறியதாக இருந்தவரை யாரும் கேட்கவில்லை. பெரிய நிறுவனம் கைக்குப் பாட்டு வந்து, உலகம் முழுக்க ஒலிக்க ஆரம்பித்ததும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் குழுவின் டிரென்ட் ரெஸ்னரும் அட்டிகஸ் ராஸும் பாட்டின் ஆசிரியர்களாகவும் தயாரிப்பாளர்களாகவும் சேர்க்கப்பட்டார்கள். சாம்பிளின் சொந்தக்காரர்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டதால் பாட்டு தப்பியது. எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

நம் ஊரில் பழைய சினிமாப் பாட்டின் நாலு நொடிப் புல்லாங்குழலை வெட்டி பீட்டில் வைப்பது சர்வசாதாரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், அதை 30 டாலருக்கு விற்கிறவர், இசையோடு சேர்த்து ஒரு வழக்கையும் விற்கிறார். ‘நாலு நொடி வரைக்கும் ஃப்ரீ’ என்ற விதி சட்டத்தில் எங்கும் இல்லை.

காசு கொடுத்து வாங்கும் ராயல்டி இல்லாத லூப்களிலும் ஒரு சிக்கல் உண்டு. அதே லூப்பை உலகத்தில் இன்னும் பல பேர் வைத்திருப்பார்கள். லீஸ் வாங்கிய ஒரு ராப்பர் தன் பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடி முறையில் பதிந்துவிட்டால், அதே பீட்டில் பாடிய மற்றவர்களுக்கெல்லாம் உரிமைக் கோரிக்கை பாயும். பீட் செய்தவரின் சொந்த வீடியோவுக்கே பாயும். தன் வீட்டு வாசலிலேயே ‘நீ யார்?’ என்று கேட்கப்படும் நிலை. கன்டென்ட் ஐடியில் போடும் இசை ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும் என்பது யூடியூபின் விதி. லீஸ் பீட்டை அதில் பதியக் கூடாது என்ற ஒரு வரியை உரிமத்தில் சேர்த்துவிட்டால், பிரச்சினை வரும்போது காட்டுவதற்கு ஒரு தாளாவது இருக்கும்.

‘நம்ம பசங்க காசு தர மாட்டாங்க’

இதற்கெல்லாம் தயாராக ஒரு பதில் உண்டு. ‘பாடுறவன்கிட்டயே காசு இல்லை. அக்ரிமென்ட்டெல்லாம் கேட்டா ஓடிப் போயிடுவான்.’ இதில் பாதி உண்மை இருக்கிறது. சுயாதீனத் தமிழ் ராப் பாடுபவர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே பாடுகிறவர்கள். அவர்களிடம் 30 டாலர் கேட்பது ஒரு வாரச் செலவைக் கேட்பதற்குச் சமம். பணம் வாங்கும் வழியும் சிக்கலாகிவிட்டது. இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை பேபால் 2021 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. வெளிநாட்டு வாங்குபவருக்கு ஒரு கதவு, உள்ளூர் வாங்குபவருக்கு யுபிஐ என்று இரண்டு கதவு வைக்க வேண்டியிருக்கிறது.

அதனால், உள்ளூருக்குத் தனி விலை வைப்பதில் தவறில்லை. 500 ரூபாய்க்குக் கொடுக்கலாம், பிடித்த பாடகருக்குச் சும்மாவே கொடுக்கலாம். விட்டுக்கொடுக்க வேண்டியது விலையை. தாளை விட்டுக்கொடுக்கக் கூடாது. இலவசமாகக் கொடுத்தாலும், ‘இந்த பீட், இந்தப் பாட்டுக்கு, இத்தனை காலத்துக்கு, இசை: இன்னார்’ என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம். பாட்டு ஓடாவிட்டால் அந்தத் தாளால் நஷ்டம் இல்லை. ஓடிவிட்டால், நட்பைக் காப்பாற்றப்போவது அதுதான். கையில் காசு இல்லாதபோது பங்கு பேசுவது சுலபம். காசு வந்த பிறகு பேசினால் அது சண்டையில் முடியும்.

பெயர் போடுவதற்குப் பெரிய செலவும் ஆவதில்லை. அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ ஆல்பத்தில் பாடியவர் பெயரோடு இசை செய்தவர் பெயரும் சரிசமமாக நின்றது. நடைமுறையில் முடியும் என்பதற்கு இது போதும்.

ஏஐ வந்துவிட்டதே?

சூனோ, யூடியோ போன்ற செயலிகள் ஒரு வரி கட்டளைக்கு முழுப் பாட்டையே தருகின்றன. தங்கள் பாடல்களை அனுமதியின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாக 2024-ல் பெரிய இசை நிறுவனங்கள் இவ்விரண்டின் மீதும் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. வழக்குகள் எப்படிப் போனாலும், சந்தை காத்திருக்காது. வீடியோவுக்குப் பின்னால் ஓட்டுவதற்கான பொதுவான பின்னணி இசைதான் முதலில் அடி வாங்கும். யாருக்கும் பொருந்தும் பீட், யாரிடமும் கிடைக்கும் பீட் ஆகிவிடும்.

ஒரு பாடகரின் குரலுக்கு ஏற்ப சுருதி மாற்றி, அவரோடு உட்கார்ந்து வரிக்கு இடம் விட்டு, நாலு முறை திருத்திக் கொடுக்கும் வேலை அவ்வளவு சீக்கிரம் போகாது. வாங்குபவர் கேட்கும்போது ‘இது நான் செய்தது, ஸ்டெம்ஸ் இதோ, உரிமம் இதோ’ என்று பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும். ஏஐ காலத்தில் அந்தத் தாளின் மதிப்பு கூடுமே தவிர குறையாது.

வேலையை விடலாமா?

ஐடி வேலை பார்த்துக்கொண்டே இரவில் பீட் செய்யும் பலரின் கேள்வி இது. இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் நேர்மையான பதில். பீட் கடையை மட்டும் நம்பி விடவே வேண்டாம். அந்தக் கடை ஒரு ஜன்னல். அதில் எட்டிப் பார்த்து உள்ளே வருபவர்களுக்கு மிக்ஸிங், குறும்பட இசை, விளம்பர இசை, கேட்டுச் செய்யும் தனி பீட், டிரம் கிட் என்று நாலு வேலை செய்து கொடுத்தால்தான் மாதச் சம்பளம் மாதிரி ஒன்று உருவாகும். இந்த எல்லா வழிகளிலும் சேர்த்து, தொடர்ந்து ஆறு மாதமாவது வீட்டுச் செலவைத் தாண்டிப் பணம் வந்த பிறகு ராஜினாமாவைப் பற்றி யோசிக்கலாம்.

அதுவரை செய்ய வேண்டியவை உண்டு. வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் பக்க வருமானம் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று படிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு டாலருக்கும் ரசீது வைத்து, வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வரும். தாண்டினால் சந்தோஷம்தான். ஒவ்வொரு பீட்டின் புராஜெக்ட் ஃபைலையும் தேதியோடு சேமித்து வைக்க வேண்டும். ‘இது என்னுடையது’ என்று நிரூபிக்க நாளைக்கு அதுதான் சாட்சி.

முக்கியமாக, இதுவரை வாட்ஸ்அப்பில் ‘ஓகே ப்ரோ’ என்று கொடுத்த பீட்களின் பட்டியலை எடுத்து, வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க உரிமத்தை அனுப்பிக் கையெழுத்துக் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் போட்டுக் கொடுப்பார்கள், இன்னும் எந்தப் பாட்டும் ஹிட் ஆகவில்லையே. கேட்பதற்கு இதுதான் சரியான நேரம்.